என்ஜின் அதிர்வுக் கண்காணிப்பு அமைப்பு: ஒரு மதிப்பீடு

பயணிகள் ஜெட் விமானங்களில் உள்ள என்ஜின் அதிர்வுக் கண்காணிப்பு அமைப்பைப் பராமரிப்புப் பணியின் கோணத்தில் மதிப்பிட்டால், அதன் பெரும் பலம் என்ஜினின் முன்புறமுள்ள விசிறியைச் சமநிலைப்படுத்துவதில்தான் இருக்கிறது. என்ஜினில் பொருத்தப்பட்ட சென்சார்கள் உணரும் அதிர்வைச் சுழல்தண்டின் வேகத்தோடு ஒப்பிட்டு, அதன் அளவையும் கனம் மிகுந்துள்ள கோணத்தையும் பறக்கும்போதே பதிவு செய்துவிடுவதால், சோதனை எடைகளை மாட்டித் தரையில் என்ஜினைத் திரும்பத் திரும்ப ஓட்டி எரிபொருளை வீணாக்கும் வேலை பெரிதும் குறைகிறது. அமைப்பு கணக்கிட்டுச் சொல்லும் இடங்களில், விசிறியின் எடையைச் சரிக்கட்டும் சமநிலைத் திருகுகளை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

ஆனால் காரணத்தை அது சொல்லாது. பறவை மோதி வளைந்த பிளேடா, அடிப்பகுதியில் மசகு உலர்ந்துபோன பிளேடா, தேய்ந்த பேரிங்கா என்பதை ஆய்ந்தே அறிய வேண்டும். அதைச் செய்யாமல் எடையைச் சேர்ப்பது, என் பார்வையில், பழுதை மூடி மறைப்பதே. விசிறியில் படிந்த பனிக்கட்டியால் எழும் அதிர்வோ, விமானி தள்ளுவிசையை மாற்றி அதை உதறியதும் பொதுவாக அடங்கிவிடும். என்ஜினின் உட்பகுதியில் சுழலும் உயரழுத்தச் சுழலியின் சமநிலைக் குறைவுக்கு இந்தத் திருகுகள் உதவா. என்ஜினைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்ப நேரலாம்.

இணைப்பிகளில் ஈரம் புகுந்தால் பொய்யான அளவைக் காட்டுவது எரிச்சலூட்டும் குறை. எண்ணெய் அழுத்தம், வெப்பம் முதலியவை மாறாதிருக்க அதிர்வு எண் மட்டும் திடீரெனத் தாவினால், கம்பி இணைப்புகளையும் சந்தேகிக்க வேண்டும்.