செவிச்சேவுக்கு லிமா, தொப்பிக்கு மொன்டெக்ரிஸ்தி

பெருவின் கடற்கரையா, ஈக்குவடாரின் கடற்கரையா? சாப்பாட்டுக்கு என் ஓட்டு பெருவுக்குத்தான். அதன் தலைநகர் லிமாவின் செவிச்சே என்னும் கடலுணவில் மீனை அடுப்பில் வைப்பதே இல்லை. எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய் சேர்த்துப் பிசறி, சில நிமிடங்களிலேயே பரிமாறிவிடுகிறார்கள். அதனால் மீன் அன்று பிடித்ததாக இருந்தே ஆகவேண்டும். மேலே நறுக்கிய வெங்காயம், பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சோளமும். மதியமே போய்விடுங்கள், பல செவிச்சே கடைகள் மாலைக்குள் மூடிவிடும்.

ஈக்குவடாரில் இறால் செவிச்சேதான் பிரபலம். இறாலை முதலில் வேகவைத்து, தக்காளியும் ஆரஞ்சுச் சாறும் சேர்ப்பார்கள். சற்றே இனிக்கும், நீர்க்க இருக்கும். கூடவே வாழைக்காய் சிப்ஸ், பாப்கார்ன்கூட உண்டு! பச்சை மீனுக்குத் தயங்குபவர்களுக்கு இதுதான் சரி.

உடுப்பில் நிலைமை தலைகீழ். பெருவின் வடகரையில், பியூராவில் விளையும் பிமா பருத்தி அவ்வளவு மென்மை. சட்டை தாராளமாக வாங்கலாம். ஆனால் ஈக்குவடாரின் மொன்டெக்ரிஸ்தியில் தொக்கிய்யா என்ற பனை போன்ற செடியின் ஓலை இழையால் கையால் பின்னும் தொப்பிக்கு ஈடே இல்லை. உலகம் பனாமா தொப்பி என்று வாங்குவது இதைத்தான். இந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ 2012-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மிக நுண்ணிய தொப்பிக்கு மாதக்கணக்கில் உழைப்பு, விலையும் அதற்கேற்ப. வாங்கும்முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்னல் நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.