பழைய சுரங்கத்தில் புதிய வளையம்: எட்டு பீம்டைம்களின் அனுபவம்

பிரான்ஸின் கிரெனோபிளில் இருக்கும் ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் (எலெக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு வலுவான எக்ஸ் கதிரை உண்டாக்கும் நிலையம்), 2018 டிசம்பரில் வளையத்தை மாற்றி அமைக்க நிறுத்துவதற்கு முன்பு எனக்கு மூன்று முறை பீம்டைம், அதாவது அந்தக் கதிரைப் பயன்படுத்த ஒதுக்கிய நேரம், கிடைத்தது. 2020 ஆகஸ்டில் பயனர்களுக்கு மறுபடி திறந்த பிறகு ஐந்து முறை போயிருக்கிறேன். எட்டு முறையும் வேலை ஒன்றுதான்: எத்தனாலில் வைத்த திசுக்களை டோமோகிராபி, அதாவது பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் படங்களைச் சேர்த்து உருவாக்கும் முப்பரிமாணப் படம், எடுப்பது.

வளையம் இருக்கும் சுரங்கம் அதேதான், சுற்றளவு 844 மீட்டர். எலெக்ட்ரான் ஆற்றலும் அதே 6 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். மாறியது உள்ளே இருக்கும் காந்த வரிசை. முன்பு 32 பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 2 வளைக்கும் காந்தங்கள் இருந்தன, இப்போது 7. எலெக்ட்ரான்களைச் சட்டென்று திருப்பினால், கதிரை உமிழும்போது எலெக்ட்ரான் கற்றை அகன்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் அந்தப் பரவல் வெகுவாகக் குறையும். கிடைமட்ட எமிட்டன்ஸ் (கற்றையின் அகலத்தையும் விரிவையும் சேர்த்துச் சொல்லும் அளவு) 4 நானோமீட்டர் ரேடியனிலிருந்து சுமார் 0.13க்கு இறங்கியது இப்படித்தான். வளைக்கும் காந்தங்களில் பல இப்போது நிரந்தரக் காந்தங்கள், அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

ஒளிர்வு கூடினால் ஃபோட்டான்கள் கொட்டும், ஸ்கேன் சீக்கிரம் முடியும் என்று எண்ணித்தான் மறுபடி திறந்த பிறகு முதல் முறை போனேன். கண்ணில் பட்ட வித்தியாசமோ வேறு. முன்பு கதிர் கிளம்பும் இடம் கிடைமட்டத்தில் பட்டையாக இருந்தது. மாதிரியிலிருந்து டிடெக்டரைத் தள்ளி வைத்தால் அந்தத் திசையில் ஓரங்கள் குழைந்துவிடும். இப்போது அதே தூரத்தில் வைத்தாலும் மென்திசுவின் ஓரம் கீறினாற்போல் தெரிகிறது. எக்ஸ் கதிரை அநேகமாக உறிஞ்சாத திசு, கதிரின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) மட்டும் சற்று மாற்றி, அதனாலேயே படத்தில் தெளிந்து நிற்கிறது. முதல் மறுகட்டமைப்பு, அதாவது படங்களிலிருந்து கணினி உருவாக்கிய முப்பரிமாண உருவம், திரையில் வந்தபோது நாங்கள் யாரும் சற்று நேரம் பேசவில்லை. மெல்லிய ரத்தக் குழாய்களைச் சாயம் ஏற்றாமலே பின்தொடர முடிந்தது.

சிரமமும் உண்டு. மூன்றாவது ஸ்கேனில் எத்தனாலுக்குள் குமிழிகள் கிளம்பி மாதிரி நகர்ந்துவிட்டது, பாதி இரவு வீண். தவறு என்னுடையது. பழைய பழக்கத்தில், கரைந்திருந்த காற்றைச் சரியாக நீக்காமல் கொண்டுபோயிருந்தேன். மாதிரி மீது விழும் கதிர்வீச்சின் அளவையும் முன்கூட்டியே கணக்கிடவில்லை. அப்புறம் வெற்றிடத்தில் காற்றை நன்றாக நீக்கி, கதிரை ஃபில்டரால் குறைத்து எடுத்தபோதுதான் படம் அசையாமல் வந்தது.

இன்னொன்று, தரவு. முன்பு ஒரு வாரத்தில் சேர்ந்ததை இப்போது ஒரே ஷிஃப்டில் நிரப்பிவிடுகிறோம். மறுகட்டமைப்புக்கு ஆள் ஒதுக்காமல் போனால் ஹார்ட் டிஸ்க்கோடு திரும்பி மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். ஆகவே அடுத்த முறைக்கு எட்டு மாதிரி என்று எழுதியிருந்ததை மூன்றாகக் குறைத்து விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன்.