பசையால் வாயடைத்த சிப்பிகள்: ஒரு கற்பித்தல் பெட்டியைப் பற்றி

உயர்தர உயிரியல் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, வெள்ளவத்தையில் கல்வி உபகரணக் கடை ஒன்றில், ‘கடற்சிப்பிகளின் பிணைச்சல்கள்’ என்று அச்சிட்ட பெட்டி ஒன்றைச் சென்ற மாதம் 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிணைச்சல் என்பது சிப்பியின் இரு ஓடுகளும் கதவுக் கீல்போல இணையும் இடம். பஞ்சு விரித்த அறைகளில் எட்டு மாதிரிகள் உள்ளன. தெரிவில் குறையில்லை; தயாரித்த விதத்தில்தான் குறை.

பெட்டியின் சிறந்த மாதிரி ஆர்க் சிப்பி. அதன் இரு ஓடுகளும் தனித்தனியாக வைக்கப்பட்டிருப்பதால், நேரான பிணைச்சல் ஓரத்தில் சீப்புப்போல நிற்கும் சிறு பற்களை நகத்தால் வருடிப் பார்க்கலாம். ஓர் ஓட்டின் பல் மற்றதன் பள்ளத்தில் அமர்வதால், மூடிய ஓடுகள் பக்கவாட்டில் வழுக்குவதில்லை. முட்சிப்பி அதைவிடப் பிடிவாதமானது: ஓட்டுக்கு இரண்டு பெரும் பற்களும் இரண்டு குழிகளுமாக, அவை ஒன்றையொன்று கவ்வும் விதத்தைப் பார்த்தால், உடைக்காமல் பிரிப்பது ஏன் கடினம் என்பது விளங்கும். ஒயிஸ்டருக்கோ வளர்ந்தபின் பல்லே கிடையாது. அதன் குடம்பியில் மட்டும் நுண்பற்கள் உண்டு.

இவ்வளவையும் கையில் தந்துவிட்டு, துண்டுப்பிரசுரத்தில் பல்லில்லாத ஒயிஸ்டரை முதற்படியிலும் பல் நிறைந்தவற்றை மேற்படிகளிலும் வைத்துப் பரிணாம ஏணிபோல வரைந்திருப்பது வருத்தத்துக்குரியது. 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியக் காலத்துப் பொஜெட்டாயா என்ற ஆதிச் சிப்பியின் புதைபடிவத்திலேயே சில பற்கள் காணப்படுகின்றன. ஒயிஸ்டர் பற்களை இழந்த வழித்தோன்றலேயன்றி, பற்கள் முளைப்பதற்குக் காத்திருக்கும் மூதாதை அன்று.

பெரிய கோளாறு மட்டியில். இரு ஓடுகளையும் பசையால் ஒட்டி மூடியிருக்கிறார்கள். உள்ளேயுள்ள பற்கள் தெரியவில்லை என்பதோடு, பிணைச்சலின் உயிரான இணைநாரின் வேலையும் மறைந்துவிட்டது. மூடுதசை சுருங்கி ஓடுகளை மூடும்போது இந்த நாரின் வெளிப்பகுதி இழுபட, உட்பகுதி நசுங்குகிறது; தசை தளர்ந்ததும் நார் தன் வில்விசையால் ஓடுகளைத் திறந்துவிடுகிறது. சந்தையில் வாய் பிளந்து, தட்டியும் மூடாத மட்டியை நம் வீட்டுப் பெண்கள் ஒதுக்கிவிடுவதற்கும் இதுவே காரணம்: தசை செத்துவிட்டது, நார் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஒட்டிய மட்டியைக் கொண்டு இதை எப்படிக் காட்டுவது?

ஏழாம் அறையில் ‘சிறிய மட்டி’ என்ற சீட்டுடன் இருப்பது மட்டியே அன்று. மட்டியைப் போலவே இரு ஓடுகள் கொண்ட, ஆனால் வேறு குலத்தைச் சேர்ந்த கடலுயிரான பிராக்கியோபொட் ஒன்றின் புதைபடிவம். ஒவ்வோர் ஓடும் தன்னளவில் இடம்வலம் ஒத்திருக்க, இரு ஓடுகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. மட்டியில் இது நேர்மாறு. பற்கள் ஓர் ஓட்டிலும் குழிகள் மற்றதிலுமாக இருக்கின்றன. விரியும் நார் இல்லாததால் திறப்பதற்கும் இதற்குத் தனித்தசை வேண்டும். ஆகவே செத்தபின் இது வாய் பிளப்பதில்லை. இரு வேறு குலங்கள் தனித்தனியே பிணைச்சலைக் கண்டடைந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று பெட்டியில் இல்லை. அதையே தவறான சீட்டு விழுங்கிவிட்டது.

கடைக்காரரிடம் முறையிட்டபோது சீட்டை மாற்றித் தந்தார். பசைக்கு மட்டும், “அனுப்பும்போது உடையாமல் இருக்கத்தான் சேர்” என்றார். விலை 3,000 ரூபாயாக இருந்து, மட்டியும் பிரிந்த ஓடுகளாக வந்திருந்தால் தயங்காமல் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு, வாங்குபவர் மட்டியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும்.