வைஃபை டாங்கிள் மெதுவாக இருந்தால்: கேபிளா, 5 கிகாஹெர்ட்ஸா, டிரைவரா, புது அடாப்டரா?

போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 200 எம்பிபிஎஸ். அதே மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில், யூஎஸ்பி டாங்கிள் (போர்ட்டில் செருகி வைஃபை பிடிக்கும் சின்ன அடாப்டர்) வழியாக, 20-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. இதற்கு வழி கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள்: எக்ஸ்டென்ஷன் கேபிள் போடு, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறு, டிரைவரை மாற்று, டாங்கிளைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கு. நான்குமே வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் எல்லாம் ஒரே கோளாறுக்கான தீர்வு இல்லை. எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு: டாங்கிள் செருகியிருக்கும் இடத்தைச் சந்தேகிக்காமல் வேறு எதையும் சந்தேகிக்காதீர்கள்.

முதலில் ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் லிங்க் ஸ்பீட், பேண்ட் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை), சேனல் (அந்த அலைவரிசைக்குள் ஒரு பிரிவு) மூன்றும் இருக்கும். லிங்க் ஸ்பீட் என்பது டாங்கிளும் ரவுட்டரும் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட வேகம். கையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதியோ, அதற்குக் கொஞ்சம் மேலோதான். 72 என்று காட்டினால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒற்றை ஆன்டெனாவோடு 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடுகிறது என்று பொருள். 40 எம்பிபிஎஸ் வந்தாலே அது ஒழுங்காக வேலை செய்கிறது. 433 என்றால் 5 கிகாஹெர்ட்ஸ், ஒற்றை ஆன்டெனா. 54-லேயே நின்றால் ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். பழைய டபிள்யூஇபி அல்லது டிகேஐபி குறியாக்கம் இருந்தால் 802.11n (வைஃபை 4) வேகம் கிடைக்காது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது அதற்கு மேல் வைத்தால் அதோடு பிரச்சினை முடியும்.

லிங்க் ஸ்பீடில் பாதிகூட வராமல் டெஸ்டில் 20-தான் வருகிறது என்றால் சிக்கல் வேறு. அங்கேதான் இந்த நால்வரின் சண்டை ஆரம்பிக்கிறது.

கேபிள், போர்ட்

பார்க்க அற்பமான தீர்வு, ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். டெஸ்க்டாப்பின் பின்பக்கம் டாங்கிளைச் செருகினால் ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, இன்னொரு பக்கம் சுவர், சுற்றிலும் கேபிள் கும்பல். சிக்னல் அதைத் தாண்டி வர வேண்டும். இது பாதிக் கதை. மீதிக் கதையை இன்டெல் 2012-இல் ஓர் ஆவணமாகவே வெளியிட்டது. யூஎஸ்பி 3.0-இன் 5 ஜிபிபிஎஸ் சிக்னல், 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவலான இரைச்சலை உண்டாக்குகிறது. பக்கத்தில் ஒரு யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இணைத்திருந்தால் அந்த இரைச்சல் சுமார் 20 டெசிபல் வரை ஏறியதை அவர்கள் அளந்து காட்டினார்கள். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. டாங்கிளுக்கு ரவுட்டரின் குரல் கேட்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. ஹார்ட் டிஸ்கில் ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் வைஃபை படுத்துவிடுகிறது என்று புலம்புபவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இது போகாது.

ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைக்கு மேலே, மற்ற யூஎஸ்பி பொருட்களிலிருந்து தள்ளி வைத்தால் இரண்டு பிரச்சினையும் சேர்ந்து குறையும். ரொம்ப நீளமான கேபிள் வேண்டாம். யூஎஸ்பி 2.0-க்கே 5 மீட்டர்தான் எல்லை, 3.0-க்கு இன்னும் குறைவு.

எந்த போர்ட் என்பதில்தான் உண்மையான இழுபறி. நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட் எப்போதும் சிறந்தது என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. யூஎஸ்பி 2.0-இன் 480 எம்பிபிஎஸ் காகிதக் கணக்கு. நடைமுறையில் 300-ஐ ஒட்டி நின்றுவிடும். 867 எம்பிபிஎஸ் லிங்க் தரும் டாங்கிளை 2.0 போர்ட்டில் செருகினால் நிச்சயம் நஷ்டம். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த சின்ன டாங்கிளுக்கு 3.0 போர்ட்டால் ஒரு லாபமும் இல்லை, பக்கத்து போர்ட்டின் இரைச்சல்தான் மிச்சம். அதனால் 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் 3.0 போர்ட், 2.4 என்றால் 2.0 போர்ட், அதுவும் மற்றவற்றிலிருந்து விலகி. ரியல்டெக் சிப் உள்ள சில டாங்கிள்களின் அட்வான்ஸ்டு பக்கத்தில் (டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் இருப்பது) யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3 என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதும் இந்த இரைச்சல் பிரச்சினைக்காகத்தான்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது

டாங்கிள் இரண்டு பேண்டும் பிடிக்கும் என்றால், கேபிளுக்கு அடுத்த இடம் இதற்கு. 2.4-இல் ஒன்றை ஒன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அதிலேயே புளூடூத், மைக்ரோவேவ் அவன், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் குடியிருக்கின்றன. வேகம் கூடும் என்று 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைப்பவர்கள் உண்டு. நெரிசலான இடத்தில் அது இன்னும் அதிகச் சண்டையைத்தான் இழுத்து வரும். 20-லேயே விடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் சாதாரணம். ஆனால் சுவர் தாண்டுவதில் அது பலவீனம். இரண்டு சுவருக்கு அப்பால் இருக்கும் அறையில் 2.4-தான் நிலையாக நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே அறை அல்லது ஒரு சுவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ரவுட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், டாங்கிள் பாட்டுக்கு 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடாமல் தொங்கும். பெயரைப் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் அட்வான்ஸ்டு பக்கத்தில் விருப்பமான பேண்ட் என்ற அமைப்பில் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் டாங்கிள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ரவுட்டர் 52 முதல் 144 வரையிலான ரேடார் பகிர்வு சேனல் ஒன்றில் இருக்கலாம். சில டாங்கிள்களுக்கு அவை தெரியாது. ரவுட்டரை 36-க்கு மாற்றிப் பாருங்கள்.

டிரைவர்

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கே. விண்டோஸில் இதன் பலன் சுமார்தான். மெதுவாக இருப்பதை விட, அடிக்கடி அறுந்து போவது, தூக்கத்திலிருந்து எழுந்தால் டாங்கிளே காணாமல் போவது மாதிரியான கோளாறுகளுக்குத்தான் டிரைவர் காரணமாக இருக்கும். அதற்கும் புது டிரைவரை விட, டிவைஸ் மேனேஜரில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுவதும், பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துவதும் கை கொடுக்கும்.

லினக்ஸில் கதை தலைகீழ். அங்கே டிரைவர்தான் எல்லாம். மீடியாடெக்கின் எம்டி7612யூ சிப்புக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 4.19 பதிப்பு முதலே உள்ளேயே டிரைவர் இருக்கிறது. பல ரியல்டெக் டாங்கிள்களுக்கு வெகுகாலம் வெளியிலிருந்து டிரைவரை எடுத்துத் தொகுக்க வேண்டியிருந்தது, கர்னல் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் அது உடையும். 6.2-இலிருந்து ரியல்டெக்கின் சில ஏசி (வைஃபை 5) சிப்புகளுக்கும் கர்னலுக்குள் ஆதரவு வந்துவிட்டது. லினக்ஸுக்காக வாங்குபவர் பெட்டியின் மேல் உள்ள பிராண்டைப் பார்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் சிப்பைப் பார்க்க வேண்டும்.

புதிது வாங்குவது

வாங்குவதற்கு முன் ஓர் இலவசச் சோதனை. ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் வைத்து, யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலான போன்கள் தங்கள் வைஃபையையே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடும். மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் அது கரையும். இப்படிச் செய்ததும் வேகம் எகிறினால் குற்றவாளி டாங்கிளோ அது இருக்கும் இடமோதான். அப்போதும் 20-தான் என்றால் கம்ப்யூட்டரிலேயே ஏதோ இழுக்கிறது, புது டாங்கிள் வாங்கினாலும் அதே 20.

சரி, வாங்கியே ஆக வேண்டும் என்றால், நகத்தளவு நானோ டாங்கிளை விட வெளி ஆன்டெனா வைத்தது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. நானோ லேப்டாப்பில் தட்டுப்படாமல் இருக்கும், அவ்வளவுதான் அதன் பெருமை. பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள்: ஏசி1200 என்பது 300-ஐயும் 867-ஐயும் கூட்டியது, டாங்கிள் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும். ஏசி600 என்றால் 150-உம் 433-உம். ரவுட்டர் இன்னும் வைஃபை 5-லேயே இருந்தால் வைஃபை 6 டாங்கிளின் 1201 எம்பிபிஎஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

டெஸ்க்டாப் என்றால் டாங்கிளை விட, பெட்டிக்குள் மதர்போர்டில் செருகும் பிசிஐஇ வைஃபை கார்டு நல்லது. யூஎஸ்பி இரைச்சலுக்கு நடுவே உட்கார வேண்டியதில்லை, ஆன்டெனாவைக் கேபிளோடு மேசை மேல் வைக்கும் மாடல்களும் உண்டு. பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்களுக்கு ஒரு மாற்று, சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர். அதில் கிளையண்ட் அல்லது பிரிட்ஜ் மோடு இருந்தால் அது வைஃபையைப் பிடித்து லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். டிரைவர் தொல்லை கிடையாது, சிக்னல் நன்றாக இருக்கும் மூலையில் வைத்துக்கொள்ளலாம், லினக்ஸா விண்டோஸா என்று அது கேட்பதும் இல்லை. லேன் போர்ட் எவ்வளவு என்று மட்டும் முதலில் பாருங்கள்: 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் 95-ஐ ஒட்டி நின்றுவிடும்.