நாலு வருட மோட்டார் ஹோமும் ஒரு புதன்கிழமைச் சந்தையும்

"மோட்டார் ஹோம் ஒன்று வாங்கலாமா? நீதான் நாலு வருஷமாக வைத்திருக்கிறாயே" என்று, படுக்கையும் சமையலறையுமாக வீடே சக்கரத்தில் ஓடும் என் வண்டியைப் பார்த்து நண்பன் கேட்டபோது, ஃப்ரிட்ஜ் பழுதுபார்த்த பில் என் கையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீளம், மைலேஜ், எத்தனை பேர் படுக்கலாம் என்பதையெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். எனக்கு விற்றவர் சொல்லாமல் விட்டது ஃப்ரிட்ஜ் விஷயம். அது காஸில் ஓடும் ஃப்ரிட்ஜ், கம்ப்ரஸர் கிடையாது. சின்னச் சுடர் ஒன்று அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, திரவமாகித் தானே கீழே வழியும். சத்தமே வராது. ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, சுடர்பட்ட இடம் காய்ந்து, நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். ஓடும்போது குலுங்கினால் பாதகமில்லை, நிறுத்தினால்தான் வம்பு. இது தெரிந்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்த்தது, சரிவு காட்டும் ரசமட்டத்தைத்தான்.

போன கோடையில் சிகாகோ பக்கத்திலிருந்து இண்டியானாவின் ஷிப்ஷெவானாவுக்குப் போனோம். அங்கே கிழக்கு நேரம் என்பதால் போகும்போதே ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஆமிஷ் நாடு. காரும் கரண்ட் கம்பியும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். கறுப்புக் குதிரைவண்டிகள், அவற்றுக்கும் பின்னால் நம்பர் பிளேட். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஆமிஷ் மக்கள் சைக்கிளைத் தொடமாட்டார்கள். இங்கே தொப்பி போட்ட பெரியவர்கள்கூட மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு குதிரைவண்டிக்குப் பின்னால் இத்தனை பெரிய வண்டியை உருட்டிக்கொண்டு போவதில் எரிச்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நாலு வருஷத்தில் அலமாரிகள் கடகடக்காமல் ஓட்டிய ஒரே சாலை அதுதான்.

புதன்கிழமைச் சந்தைக்கு வெளியே புல்தரை. பார்த்தால் தட்டை, ரசமட்டம் வைத்தால் சரிவு. சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ஏற்றி இறக்கி இருபது நிமிடம். மனைவி பொறுக்காமல் சந்தைக்குள் போய்விட்டாள். ஒரு ஆமிஷ் மனிதர் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் வீட்டிலும் இதே மாதிரி காஸ் ஃப்ரிட்ஜ்தானாம். "ஒரு தடவை மட்டம் பார்த்து வைத்தேன், வீடு நகரவில்லை" என்றார். பிறகுதான் தெரிந்தது, எல்க்ஹார்ட் பக்கத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் அலமாரி பொருத்துகிறவர். அமெரிக்காவில் ஓடும் இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. ஆமிஷ் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். கார் ஓட்டாதவர்கள்! வாடகை வேனில் வேலைக்குப் போய்வருகிறார்கள். என் அலமாரிக் கதவு வளைவு வந்தால் திறந்துகொள்வதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

மதியம் மசித்த உருளைக்கிழங்கின் மேல் நூடுல்ஸ். சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வது மாதிரி. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தோசை மாவு பொங்கி வழிந்து, கீழ்த்தட்டு வெண்ணெய் வரை போயிருந்தது. இத்தனைக்கும் அன்று பலகை சரியாகத்தான் இருந்தது. விஷயம் தெரியாமல் முன்பெல்லாம் சாய்த்து நிறுத்திய பாவம் அன்று பலித்திருக்கிறது.

இந்த வசந்தத்தில் அதே வட்டாரத்து ஆமிஷ் பட்டறை ஒன்றில் பழைய காஸ் அமைப்பைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் வைத்துக் கொடுத்தார்கள். கரண்ட் கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள் செய்த வேலை, அப்படி ஒரு சுத்தம். இப்போது எந்தச் சரிவிலும் நிறுத்தலாம். ஆனால் ராத்திரி பாட்டரி வடிகிறது, போதாதற்கு ஒரு ரீங்காரம். பழைய மௌனம் போய்விட்டது, அதற்கு நானே காசும் கொடுத்திருக்கிறேன்.

நண்பன் விடவில்லை. "அப்படியென்றால் உன்னுடையதை எனக்கு விற்றுவிடு, நல்ல விலை தருகிறேன்" என்றான். புதன்கிழமைக்கு மாவு அரைத்தாகிவிட்டது, முடியாது என்றேன்.