பிட்ஸ் எஸ்-1, ஸ்கைபோல்ட், ஈகிள்: வீட்டு ஷெட்டில் விமானம் கட்ட எது?

வானத்தில் கரணம் அடிக்கிற இரட்டை இறக்கை விமானத்தைத் தானே கட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்பது பிட்ஸ் எஸ்-1 முன்னால்தான். கர்டிஸ் பிட்ஸ் 1940களில் உருவாக்கியது, ஒரே இருக்கை, இறக்கை நீளம் வெறும் 5.3 மீட்டர். 1972 உலக வான்சாகசப் போட்டியில் அமெரிக்க அணி ஜெயித்தது எஸ்-1எஸ் வகையில்தான்.

ஆனால் எஸ்-1 என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்த இறக்கை என்று கேட்க வேண்டும். எஸ்-1சி-யில் இறக்கையின் அடிப்பக்கம் தட்டை, ஏலரான் (விமானத்தை உருட்ட இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் மடல்) கீழிறக்கையில் மட்டும். கட்டுவது சுலபம், செலவும் குறைவு. தலைகீழாகப் பறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும், மூக்கை மேலே தூக்கி வைக்க ஸ்டிக்கை, அதாவது விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, முன்னால் நிறையத் தள்ள வேண்டியிருக்கும். எஸ்-1எஸ்-இல் இறக்கையின் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே வளைவு, நான்கு ஏலரான்கள், நேராகவும் தலைகீழாகவும் ஏறக்குறைய ஒரே மாதிரி பறக்கும். போட்டிக்குப் போகிறவர் சி-யைக் கட்டிவிட்டுப் பிறகு புலம்புவதில் அர்த்தமில்லை.

தரையிறக்கம் தனிக்கதை. வேகமாக வரும், மூக்கு மறைப்பதால் எதிரே ரன்வே தெரியாது, சக்கரம் தொட்டதும் கால்கள் பெடலில் பரபரவென்று வேலை செய்ய வேண்டும்.

ஸ்கைபோல்ட் இதற்கு நேர் எதிர் குணம். டென்வர் பள்ளி ஆசிரியர் லமார் ஸ்டீன் மாணவர்கள் கட்டுவதற்காக வரைந்தது, 1970-இல் பறந்தது. இரண்டு இருக்கை, 7.3 மீட்டர் இறக்கை, நிதானமான சுபாவம். பிட்ஸ் அளவுக்குச் சடாரென்று உருளாது, சரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பரை ஏற்றிக்கொண்டு வானத்தில் ஒரு லூப், அதாவது செங்குத்து வட்டம், அடிக்கலாமே! பெரும்பாலானோருக்கு இதுதான் பொருந்தும் என்பேன்.

இரண்டுக்குமே எஃகுக் குழாய் உடல், ஸ்புரூஸ் மர இறக்கை, மேலே துணி. வெல்டிங் கைவராதவர்களுக்காகவே வந்தது போல இருக்கும் 1977-இன் கிறிஸ்டன் ஈகிள் 2: பாகங்கள் தொகுப்பாக வரும் கிட், 200 குதிரைத்திறன், உடல்சட்டம் வெல்டிங் முடிந்தே வரும், கையேடுகள் அவ்வளவு துல்லியம். ஆனால் வரைபடம் வாங்கி மெதுவாகக் கட்டுவதைவிட கிட்டுக்குப் பணம் அதிகம்.

யாரோ பாதியில் விட்டதை வாங்குவதும் உண்டு. அப்போது கட்டுமானப் பதிவேட்டையும் புகைப்படங்களையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பகுதி வேலையை அமெச்சூர்களே செய்ததாகக் காட்டினால்தான் அமெரிக்காவில் 'அமெச்சூர் கட்டிய விமானம்' என்ற பிரிவில் சான்றிதழ் கிடைக்கும்.