காலர் மைக் மக்கர் செய்தால்: இடுப்பு செட்டா, கிளிப் செட்டா?

ஒயர்லெஸ் காலர் மைக் வாங்கப் போகிறவர்கள் கேட்பது எவ்வளவு தூரம் எடுக்கும், சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், சத்தம் எப்படி இருக்கும் என்பவைதான். திடீரென்று சத்தம் நின்றுபோனால் எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா, கெட்டதை மட்டும் மாற்ற முடியுமா என்று வாங்கும் நாளில் யாரும் யோசிப்பதில்லை. உடம்போடு சேர்ந்து அசைந்து, வியர்வையில் ஊறி, தினமும் கழற்றி மாட்டப்படும் பொருள் இது. பழுது வந்தே தீரும். அதனால் இந்த அலசல் முழுக்கப் பழுது பார்க்கும் கோணத்திலிருந்துதான்.

போட்டியில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று இடுப்பு செட். சத்தத்தை ரேடியோ அலையாக அனுப்பும், பெல்ட்டில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர், அதில் ஒரு மீட்டருக்கு மேல் நீளும் மெல்லிய கேபிள், அதன் நுனியில் சட்டையில் குத்தும் குட்டி மைக். சென்ஹைசரின் ஈடபிள்யூ, சோனியின் யூடபிள்யூபி-டி வரிசைகள் இந்த இனம். பெரும்பாலும் யூஎச்எஃப், அதாவது சில நூறு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இன்னொன்று கிளிப் செட். மைக், டிரான்ஸ்மிட்டர், பேட்டரி மூன்றும் ஒரே டப்பிக்குள். 2019-இல் வந்த ரோட் ஒயர்லெஸ் கோவும், பிறகு வந்த டிஜேஐ மைக்கும் இந்த வகையைப் பரவலாக்கின. இவை வைஃபையும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நான் தேர்ந்தெடுத்தது இடுப்பு செட். இன்றும் அதையே சொல்வேன். காரணம் பழுதை எளிதாகப் பிரித்துப் பார்க்க முடிவதும், கெட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடிவதும்.

மற்ற விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். எடை, வேகம், தனியாளாக வேலை பார்க்கும் வசதி இவற்றில் கிளிப் செட் முன்னால் நிற்கிறது. ஒலித் தரத்தில் பேச்சுக்கு இரண்டும் போதும். யூஎச்எஃப் வாங்கினால் உங்கள் நாட்டில் அந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அந்தக் கவலை குறைவு.

முதலில் பார்க்க வேண்டிய இரண்டு அளவுகள்

எந்த செட்டாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். கேமராவோடு இணைத்து சிக்னலை வாங்கும் பெட்டிதான் ரிசீவர். பெரும்பாலான ரிசீவர்களில் ரேடியோ சிக்னல் அளவும் ஒலி அளவும் தனித்தனியாகத் தெரியும். பேசச் சொல்லிவிட்டு இரண்டையும் பாருங்கள். சிக்னல் முழுதாக இருந்து ஒலிக் கோடு அசையாவிட்டால் கோளாறு மைக்கிலோ கேபிளிலோ மியூட் பொத்தானிலோ இருக்கிறது. சிக்னலே இல்லையென்றால் செல், இணைப்பு, அலைவரிசை இவற்றில் ஒன்று. இரண்டும் சரியாக இருந்தும் கேமராவில் சத்தம் இல்லையென்றால் ரிசீவரிலிருந்து கேமராவுக்குப் போகும் ஒயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரிசீவரில் ஹெட்போன் ஜாக் இருந்தால், நேரடியாகச் சொருகிக் கேட்டால் அதுவும் உறுதியாகிவிடும்.

இந்தக் கடைசி ஒயரில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிளக்கில் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது கேமராவுக்கு, மூன்று இருந்தால் போனுக்கு. மாற்றிச் சொருகினால் போன் வெளி மைக்கை அடையாளம் காணாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். கேட்பவருக்கு "சத்தம் தூரமா இருக்கு" என்று மட்டும் தோன்றும். காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பதிவில் அந்தச் சத்தம் பெரிதாக வரவில்லையென்றால் நீங்கள் கேட்பது வேறு மைக்கை.

கேபிள்தான் முதல் குற்றவாளி

இடுப்பு செட்டில் அதிகம் பழுதாவது கேபிள். குறிப்பாக இரண்டு இடம்: பிளக்கை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டர், மைக் தலையை ஒட்டிய முதல் ஒரு சென்டிமீட்டர். ஆள் உட்கார்ந்து எழும்போதெல்லாம் பிளக் அருகே மடிந்து மடிந்து உள்ளே ஒயர் அறுகிறது. வெளித்தோல் அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆள் அசையும்போது மட்டும் கரகரப்பு வந்தால் இதுதான். அசையாமல் நின்றாலும் கரகரப்பு வந்தால் ஈரமோ ரேடியோ குறுக்கீடோ. கையை வைத்ததும் "ம்ம்ம்" என்று ஹம் ஏறினால் குறுக்கீட்டைத் தடுக்கும் கேபிளின் வெளிப்பின்னல் அறுந்திருக்கிறது.

அடுத்த படி, நன்றாக இருப்பதாகத் தெரிந்த இன்னொரு மைக்கை அதே டிரான்ஸ்மிட்டரில் சொருகிப் பார்ப்பது. அரை நிமிட வேலை. பாதிச் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்ய முடிவதே இடுப்பு செட்டின் பெரிய பலம். ஒரு எச்சரிக்கை: திருகிப் பூட்டும் 3.5 மி.மீ. பிளக் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள் இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷூர் போன்றவற்றில் பிளக்கே வேறு, நான்கு முள் கொண்டது. வேறு கம்பெனி மைக்கைச் சொருகிச் சத்தம் வராவிட்டால் டிரான்ஸ்மிட்டர் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாற்று மைக் இல்லையென்றால் மல்டிமீட்டர் போதும். மைக்கைக் கழற்றி, பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மின்தடையை அளக்கவும்; அங்கே ஒன்றும் காட்டாவிட்டால் நடு வளையத்துக்கும் அடிக்கும் இடையே. காலர் மைக்குகளில் வழக்கமான எலெக்ட்ரெட் வகை மைக்குகளில் பெரும்பாலானவை சில நூறு ஓம் முதல் சில கிலோ ஓம் வரை ஏதோ ஒரு மதிப்பைக் காட்டும். சுழி காட்டினால் உள்ளே ஷார்ட். முடிவிலி காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டர் முள்களைப் பிளக்கில் பிடித்தபடியே கேபிளைப் பிளக் முனையிலிருந்து விரல் விரலாக வளைத்துக்கொண்டே போனால், எண் குதிக்கும் இடம்தான் முறிவு. டிரான்ஸ்மிட்டர் மேல் சந்தேகம் என்றால், ஒயர் இணைக்காத வெறும் பிளக்கை ஜாக்கில் சொருகி டிசி வோல்ட் அளக்கவும். மைக்குக்குச் சிறு மின்னழுத்தம் வர வேண்டும். செட்டுக்குச் செட் மாறும், பொதுவாக 2 முதல் 5 வோல்ட் இருக்கும். எந்த முனையிலும் சுத்தமாகச் சுழி என்றால் ஜாக்கின் பற்று விட்டிருக்கலாம், இல்லையேல் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு கெட்டிருக்கலாம்.

முறிவு பிளக் பக்கம் என்றால் அந்த மைக்கைக் காப்பாற்றலாம். பழைய பிளக்கைத் திறந்து எந்த ஒயர் எந்த முனையில் இருக்கிறது, எந்த இரண்டு முனைகளை இணைத்திருக்கிறார்கள் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வார்த்து மூடிய பிளக்காக இருந்தால் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். முறிவைத் தாண்டி 2 செ.மீ. தள்ளி வெட்டவும். புதிய பிளக்கின் மூடியையும் சூட்டில் சுருங்கும் குழாயையும் பற்றவைக்கும் முன்பே கேபிளில் கோத்துவிடவும். மறந்தால் முழு வேலையையும் கழற்ற வேண்டிவரும். உள்ளே செம்போடு சேர்ந்து மெல்லிய நூல் இழைகளும் இருக்கும். அவற்றை வெட்டி ஒதுக்குங்கள், கருகினால் ஈயம் ஒட்டாது. சில கேபிள்களில் செம்புக்கு மேல் வண்ண வார்னிஷ் பூச்சு உண்டு. ஈயம் தொட்ட சூட்டு முனையில் சில விநாடி வைத்தால் பூச்சு எரிந்து ஒயர் வெள்ளியாக மின்னும். அதற்குப் பிறகுதான் ஈயம் பிடிக்கும். பிளக்கின் வால் பிடி (கேபிளைக் கவ்வும் தகடு) வெளித்தோலைக் கவ்வ வேண்டும், செம்பை அல்ல. இழுவை முழுக்கத் தோலில் விழுந்தால்தான் பற்று நிலைக்கும்.

மைக் தலை பக்கம் முறிந்திருந்தால் பற்றவைக்க முயல வேண்டாம். அந்தத் தலை பசையில் மூடிய சிறு உருளை. திறந்தால் பழைய நிலைக்கு வராது. மைக்கை மட்டும் மாற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

வியர்வையால் வரும் கோளாறுக்குத் தனி அடையாளம் உண்டு. தொடக்கத்தில் நன்றாக இருந்து, நேரம் போகப் போகச் சத்தம் மந்தமாகும் அல்லது பொரிவது போலச் சத்தம் வரும். காய்ந்ததும் தானே சரியாகிவிடும். கழுத்திலிருந்து வியர்வை கேபிள் வழியாகவே தலைக்குள் இறங்குகிறது. மைக்குக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாக விட்டு டேப் ஒட்டினால் ஈரம் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், இழுவையும் குறையும். நனைந்த மைக்கை சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் ஒரு இரவு மூடி வைக்கவும். ஹேர் டிரையர் கூடாது, சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் கெடலாம். வலைமூடி அடைத்திருந்தால் மூடியைக் கழற்றித் தனியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள், மைக் தலையில் ஊற்றாதீர்கள்.

கிளிப் செட்டில் என்ன செய்ய முடியும்?

கேபிள் இல்லாததால் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி இதற்குக் கிடையாது. இதை மறைக்கக் கூடாது. முதல் ஓரிரு ஆண்டுகளில் கிளிப் செட் குறைவாகவே தொந்தரவு தரும். வருகிற கோளாறுகளும் பெரும்பாலும் கையிலேயே தீர்பவை. ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லையா, சார்ஜ் பெட்டியின் பித்தளை நிறத் தொடுமுனைகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சத்தம் மூடியது போல இருக்கிறதா, மைக் துளையில் பஞ்சும் தூசியும் சேர்ந்திருக்கும். ஊசியால் குத்தாமல் மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். இணைப்பே வரவில்லையா, ரிசீவரை மட்டும் அப்டேட் செய்து டிரான்ஸ்மிட்டரை விட்டிருக்கலாம். இரண்டிலும் ஒரே மென்பொருள் பதிப்பு ஏற்றி, மறுபடி பேரிங் செய்யவும்.

அதற்கு மேல் போனால் கதவு மூடிவிடுகிறது. மைக் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வெளி மைக்குக்கு ஜாக் இல்லாத மாடலில் மாற்றிச் சொருகிப் பார்க்க எதுவுமில்லை. டப்பியையே மாற்ற வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவில் கணிசமான பங்கை இழக்கும். அது இயல்பு, யார் தயாரித்தாலும் மாறாது. கிளிப் டப்பிகளில் அது உள்ளே ஒட்டப்பட்டு, மேலே ஆன்டெனா பட்டையும் மெல்லிய ரிப்பன் கேபிளும் பரவிக் கிடக்கும். மைக் நல்ல நிலையில் இருக்கும்போதே பேட்டரியால் டப்பி ஓய்வுபெறுகிறது, பழையதாக விற்கப் போனாலும் வாங்குபவர் முதலில் கேட்பது "சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குது?" என்பதுதான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுப்பவருக்கு இது நெடுங்காலம் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு ஒரு யோசனை: முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பாதிச் சார்ஜில் வைத்து எடுத்து வையுங்கள்.

இடுப்பு செட் பெரும்பாலும் 2 ஏஏ செல்லில் ஓடும். செல் தீர்ந்தால் ஒரு நிமிடத்தில் புதியது. செல் கசிந்து வெள்ளைப் பொருக்கு படிந்தாலும் கவலையில்லை: ஆல்கலைன் கசிவு காரம் என்பதால் வினிகர் தொட்ட குச்சியால் துடைத்தால் கரையும், பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவிட வேண்டும். ரீசார்ஜ் செல் போட்டால் மெனுவில் செல் வகையை மாற்றுங்கள். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான், மாற்றாவிட்டால் மீட்டர் தவறாகக் காட்டி, திடீரென்று அணையும்.

சத்தம் விட்டு விட்டு வந்தால்

கிளிப் செட்டில் ஆள் முதுகைக் காட்டும்போது சத்தம் அறுந்தால் அது பழுதே அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நிறைந்த உடம்பு நன்றாக உறிஞ்சிவிடும். ரிசீவரை ஆளின் பார்வைக்கு நேராக, தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். வைஃபை ரூட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். இந்த இடத்தில் கிளிப் செட் ஒரு பெரிய பதிலையும் வைத்திருக்கிறது. பல மாடல்கள் டப்பிக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும், சிக்னல் அறுந்தாலும் மூலப் பதிவு பத்திரம். சாதாரண இடுப்பு செட்டில் இது கிடையாது. சிக்னல் நெரிசல் மிகுந்த இடத்தில் மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சி என்றால் நானும் கிளிப் செட்டையே பரிந்துரைப்பேன். சில மாடல்களில் இருக்கும் 32 பிட் ஃபுளோட் பதிவு (மிகச் சன்னமானதிலிருந்து மிகப் பெரிய சத்தம் வரை பிடிக்கும் முறை) சத்தம் எகிறுவதைப் பெருமளவு சமாளிக்கிறது. ஆனால் மைக்கிலேயே சத்தம் தாங்கும் அளவை மீறிச் சிதைந்தால் அதைத் திருத்தாது.

யூஎச்எஃப்பில் குறுக்கீட்டுக்கு முக்கியக் காரணம் அலைவரிசைத் தேர்வு. மூன்று மைக்கை 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைத்தால், முதல் இரண்டும் கலந்து உருவாகும் போலிச் சிக்னல் சரியாக 602-இல் வந்து விழும். அதனால் ரிசீவரே தரும் பேங்க் வரிசையிலிருந்துதான் (ஒன்றோடொன்று மோதாதபடி முன்பே அமைத்த அலைவரிசைத் தொகுப்பு) எடுக்க வேண்டும். ஆன்டெனா அடியில் அறுந்திருந்தால் பக்கத்தில் நன்றாகவும் பத்தடி தள்ளிப் போனால் மோசமாகவும் கேட்கும். 7500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு 12.5 செ.மீ. அதே நீளத்தில் ஒயர் பற்றவைத்தால் போதும். சில கேமரா ரிசீவர்களில் வெளியீட்டு ஒயரின் பின்னலே இரண்டாவது ஆன்டெனாவாக வேலை செய்கிறது. அந்த ஒயர் நைந்திருந்தால் சிக்னலும் சேர்ந்து அறும், அதையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

கிளிப் செட்தான் வேண்டும் என்பவர்கள் 3.5 மி.மீ. மைக் ஜாக் உள்ள மாடலை எடுங்கள். உள் மைக் கெட்டால் வெளி காலர் மைக்கைச் சொருகி ஓட்டலாம்; போனுக்கான மூன்று கோட்டுப் பிளக் அதில் பெரும்பாலும் வேலை செய்யாது, இரண்டு கோட்டுப் பிளக்தான் வேண்டும். மிகச் சிறிய பொத்தான் அளவு மாடல்கள் சிலவற்றில் அந்த ஜாக்கே இருக்காது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு செட் எடுப்பவர்கள் பையில் அதே பிளக் கொண்ட இரண்டாவது மைக் ஒன்று, ரிசீவர் ஒயர் ஒன்று, புது ஏஏ செல் நான்கு வைத்திருந்தால் படப்பிடிப்பு நடுவில் வரும் பெரும்பாலான கோளாறு ஐந்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.